அடை வைத்துக் குஞ்சு எடுப்பது: கொல்லையில் நாலு கோழி வளர்ப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

நாலைந்து பெட்டையும் ஒரு சேவலும் உள்ள வீட்டுக்கு இன்குபேட்டர் தேவையில்லை. நல்ல அடைக்கோழி ஒன்று இருந்தால் போதும். முட்டைக்குச் சூடு கொடுப்பது, நாளுக்குப் பலமுறை புரட்டிவிடுவது, பொரித்த குஞ்சைக் கதகதப்பாக வைப்பது, கொத்தித் தின்னப் பழக்குவது என்று எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். மின்சாரம் போனாலும் கவலையில்லை.

ஆனாலும் நாட்டுக்கோழி வளர்க்கும் பலரிடம் ஒரே குறையைக் கேட்கலாம்: "பன்னிரண்டு முட்டை வைத்தேன், பத்து பொரித்தது, ஒரு மாதத்தில் மூன்றுதான் மிச்சம்." அடை காக்கும் இருபத்தொரு நாளில் கோழியைச் சும்மா தொந்தரவு செய்வோம். குஞ்சு பொரித்ததும் "இனி தாய் பார்த்துக்கொள்ளும்" என்று கைவிட்டுவிடுவோம். செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். முட்டை மேல் இருக்கும் நாட்கள் கோழியுடையவை. பொரித்த பிறகு வரும் நான்கு வாரம் நம்முடையது. இந்த வழிகாட்டியில் அந்த நான்கு வாரத்துக்கு அதிக இடம் கொடுத்திருப்பது அதனால்தான்.

எந்தக் கோழியை நம்பலாம்

சிறுவிடை நாட்டுக்கோழிதான் என் முதல் தேர்வு. உடல் கனம் குறைவு, முட்டையை மிதித்து உடைக்காது, குஞ்சைக் காக்கப் பருந்தையே எதிர்த்து நிற்கும். அசீல் பெட்டைகளும் நல்ல தாய்கள்தான். ஆனால் பெரிய உடம்புக்காரக் கோழி என்றால் கூடையை அகலமாக வைக்க வேண்டும். கடக்நாத் பெரும்பாலும் சரியாக அடை உட்காராது. பண்ணைகளில் முட்டைக்காக வளர்க்கும் வெள்ளை லெகார்ன் வகைகளில் அடைக் குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். அதனிடம் எதிர்பார்க்கவே வேண்டாம்.

முதல் ஈட்டு முட்டையிட்டு (ஈடு என்பது அடைக்கு வரும் முன் தொடர்ந்து இடும் முட்டைகள்) முடித்த இளம் பெட்டையும் அடைக்கு வரும். அதற்கு ஐந்தாறு முட்டை மட்டும் வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே குஞ்சு வளர்த்துக் காட்டிய கோழி வீட்டில் இருந்தால் அதுதான் பொக்கிஷம். அதைக் குழம்புக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அடை வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்

வழக்கமாக முட்டையிட்டதும் கொக்கரித்துக்கொண்டு இறங்கிப் போகும் கோழி, ஒருநாள் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருக்கும். கிட்டே போனால் இறகையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு தட்டையாகப் படியும். கையை நீட்டினால் கொத்தும். கீழே இறங்கி நடக்கும்போது "கொக்... கொக்..." என்று ஒரே தாளத்தில் முனகும். வயிற்றடியைத் தொட்டுப் பார்த்தால் இறகு உதிர்ந்து வெறும் தோல் சூடாக இருக்கும். முட்டைக்குச் சூடு போவது அந்தத் தோல் வழியாகத்தான்.

இதையெல்லாம் பகலில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ராத்திரி பாருங்கள். மற்ற கோழிகள் மரத்திலோ கம்பிலோ ஏறிவிட்ட பிறகும் இது மட்டும் முட்டையிடும் இடத்திலேயே கிடக்கிறதா? தொடர்ந்து இரண்டு மூன்று இரவு அப்படிக் கிடந்தால் அடை உறுதி. அதுவரை அடியில் பொய் முட்டை ஒன்றிரண்டு வைத்திருங்கள். முட்டை வடிவக் கூழாங்கல்லோ, மரத்தில் கடைந்ததோ போதும்.

முட்டை சேர்ப்பது

கூமுட்டைக்குப் பாதிக் காரணம் அடை வைக்கும் முன்பே நடந்துவிடுகிறது. எட்டு பத்து பெட்டைக்கு ஒரு சேவல் இருந்தால் முட்டையில் கரு நன்றாகக் கூடும். அப்புறம் முட்டையின் வயது. ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டைதான் நல்லது. நாட்டுக்கோழி ஓர் ஈட்டுக்கு 12 முதல் 15 முட்டை இடும். அது அடைக்கு உட்காரும் நேரத்தில் அதன் முதல் முட்டைகள் இரண்டு வாரத்துக்கு மேல் பழையதாகிவிடும். அந்த முதல் முட்டைகளைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, கடைசியில் இட்டவற்றையும் மற்றக் கோழிகளின் புது முட்டைகளையும் சேர்த்து வையுங்கள்.

ஏறக்குறைய 20 டிகிரிக்கு மேல் சூடு போனாலே கரு மெல்ல வளரத் தொடங்கிவிடும். ஆனால் முழுதாக வளரும் அளவுக்குச் சூடு கிடைக்காமல் பாதியில் செத்துப்போகும். சித்திரை, வைகாசியில் சேர்த்த முட்டை பொரிக்காமல் போவது இதனால்தான். மண்சட்டியில் ஈர மணல் பரப்பி, மேலே துணி விரித்து, கூர்முனை கீழே இருக்கும்படி முட்டைகளை வைத்து, வீட்டில் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். பிரிட்ஜ் வேண்டாம். அந்த அளவு குளிர் கருவுக்கு ஆகாது. முட்டையைக் கழுவவும் வேண்டாம். ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே புகுந்துவிடும். அழுக்கு ஒட்டிய முட்டை, கீறல் விட்டது, ரொம்பச் சிறியது, உருண்டையாக இருப்பது எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுங்கள்.

சிறுவிடைக்கு 8 முதல் 10, கொஞ்சம் பெரிய கோழிக்கு 12. முட்டை எதுவும் வெளியே தெரியாமல் கோழி மூடி உட்கார முடிய வேண்டும். அதுதான் அளவு. வெளியே தெரியும் முட்டை ஆறும். கோழி புரட்டும்போது அந்த முட்டை உள்ளே போய் வேறொன்று வெளியே வரும். இப்படியே ஒவ்வொன்றாகக் கெடும். ஆசைப்பட்டு 15 வைத்தால் 6 கூட மிஞ்சாமல் போகலாம்.

கூடையும் இடமும்

மற்ற கோழிகள் முட்டையிட வரும் இடத்திலேயே அடை வைக்காதீர்கள். வேறு கோழி ஏறி உட்காரும், புது முட்டை இடும், சண்டையில் முட்டை உடையும். அடைக்கோழிக்குத் தனி இடம் வேண்டும்: அரையிருட்டு, மழைச் சாரல் படாத மூலை, நாயும் பூனையும் நெருங்க முடியாத கதவு.

மூங்கில் கூடையோ அகலமான பழைய மண்சட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றேகால் அடி அகலம், அரை அடி ஆழம் போதும். பிளாஸ்டிக் கூடையில் காற்றோட்டம் இல்லை, ஈரம் தங்கிவிடும். அடியில் இரண்டு அங்குலத்துக்கு மணல், நடுவில் லேசான குழி. அதன் மேல் காய்ந்த வைக்கோல். இடையில் ஒரு கைப்பிடி வேப்பிலையோ நொச்சி இலையோ போடலாம். மணல் இருந்தால் முட்டை ஓரத்துக்கு உருளாது. வெயில் காலத்தில் மணலின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஈரப்பதம் காக்கலாம்.

இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று கூடையில் இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, காய்ந்த மிளகாய் போட்டு வைப்பது நம் வீடுகளில் வழக்கம். போடுவதால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் அது இருக்கிறது என்ற தைரியத்தில் பழைய முட்டையை வைத்துவிட்டு இடியைக் குறை சொல்ல வேண்டாம்.

பேனை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். மூன்று வாரம் ஒரே இடத்தில் உட்காரும் கோழியின் மேல் பேனும் செள்ளும் (ரத்தம் குடிக்கும் சிறு பூச்சி) பெருகுவதுபோல் வேறெப்போதும் பெருகாது. செள் கடி தாங்காமல் நல்ல கோழியே முட்டையை விட்டு எழுந்து ஓடும். அடை வைக்கும் முன்பே கோழியின் இறக்கைக்கு அடியிலும் மலவாய் சுற்றியும் இறகை விலக்கிப் பாருங்கள். பேன் இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம், பிறகுதான் முட்டை. சலித்த அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்த தொட்டி ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். வெளியே வரும் நேரத்தில் அதில் புரண்டு கோழியே தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்.

அடை வைக்கும் இரவு

கோழியை இடம் மாற்றுவதானால் நன்றாக இருட்டிய பிறகு மாற்றுங்கள். இரண்டு இறக்கையையும் சேர்த்து அணைத்துத் தூக்கி, புதுக் கூடையில் பொய் முட்டையின் மேல் இறக்கி, கதவைச் சாத்திவிடுங்கள். மறுநாள் முழுக்க அது அமைதியாக உட்கார்ந்திருந்தால், அன்று இரவு பொய் முட்டையை எடுத்துவிட்டு நல்ல முட்டைகளை அடியில் தள்ளுங்கள். எல்லா முட்டையையும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். நாலு நாள் கழித்து இரண்டு சேர்த்தால், முன்னது பொரித்ததும் கோழி குஞ்சுகளோடு கிளம்பிவிடும், பின்னது வீண்.

முட்டைகளில் பென்சிலால் தேதியைக் குறித்துவிடுங்கள். குறி இல்லாத முட்டை பிறகு தென்பட்டால் வேறு கோழி வந்து இட்டது என்று தெரிந்து எடுத்துவிடலாம்.

மாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் தை, மாசி எனக்குப் பிடித்த அடைக் காலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பொரிக்கும் குஞ்சுகளுக்கு ஈரமே எமன். அக்னி நட்சத்திர வெயிலில் முட்டையும் கெடும், கோழியும் வாடும்.

இருபத்தொரு நாள்

கோழி நாளுக்கு ஒருமுறை எழுந்து வரும். தின்று, தண்ணீர் குடித்து, மொத்தமாக ஒரு பெரிய நாற்றம் பிடித்த எச்சமிட்டு, சாம்பலில் புரண்டு, இருபது முப்பது நிமிடத்தில் அவசரமாகத் திரும்பும். அதற்குள் முட்டை ஆறிவிடுமே என்று பதற வேண்டாம். அந்த அளவு ஆறுவது இயல்புதான். கம்பு, சோளம், நெல் போன்ற முழுத் தானியம் வையுங்கள், எச்சம் கெட்டியாக இருக்கும். சோறும் கஞ்சியும் கொடுத்தால் கழிச்சல் கண்டு கூடையிலேயே எச்சமிடும். தீனியும் தண்ணீரும் எழுந்துபோய்த்தான் எடுக்க வேண்டும் என்ற தூரத்தில் இருக்கட்டும்.

இரண்டு நாளாக எழவே இல்லை என்றால் நாமே தூக்கி வெளியே விட வேண்டும். தூக்கும் முன் இறக்கைக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். இறக்கை இடுக்கில் முட்டை சிக்கியிருக்கும், தூக்கியதும் விழுந்து உடையும்.

ஏழாம் நாள் இரவு ஒருமுறை முட்டை பார்க்க வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சின் மேல் முட்டையின் மழுங்கிய முனையை வையுங்கள். கரு கூடிய முட்டையில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து கிளை பிரிந்து ஓடும் சிவப்பு நரம்புகளும் தெரியும். பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் புள்ளி அசைவதே கண்ணில் படும். நரம்பே இல்லாமல் வெளிச்சம் பளிச்சென்று ஊடுருவினால் கரு கூடவில்லை. நரம்பில்லாமல் ஒரு ரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு செத்துவிட்டது. இரண்டையும் எடுத்துவிடுங்கள், உள்ளேயே கெட்டு வெடித்தால் மற்ற முட்டைகளும் நாசம். சந்தேகமாக இருப்பவற்றை 14ஆம் நாள் மறுபடி பாருங்கள். அப்போது மழுங்கிய முனையில் காற்றறை தவிர மற்றதெல்லாம் இருண்டிருக்க வேண்டும்.

18ஆம் நாளுக்குப் பிறகு முட்டையைத் தொடாதீர்கள். கூடை உயரத்தில் இருந்தால் அதற்கு முன்பே தரைக்கு இறக்கிவிடுங்கள். கீழே விழும் குஞ்சால் திரும்ப ஏற முடியாது. வாத்து முட்டையை அடை வைத்தவர்கள் 28 நாள் காத்திருக்க வேண்டும்.

பொரிப்பு

இருபதாம் நாள் வாக்கில் கோழியின் குரல் மாறும். அடித்தொண்டையில் மெதுவாகக் கூப்பிடும், முட்டைக்குள்ளிருந்து கீச்சென்று பதில் வரும். முதலில் ஓட்டில் ஒரு சின்ன விரிசல். அதன் பிறகு பல மணி நேரம் ஒன்றுமே நடக்காது. உள்ளே குஞ்சு மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு, நுரையீரலால் மூச்சுவிடப் பழகிக்கொண்டிருக்கும். விரிசலிலிருந்து வெளியே வர ஒரு நாள் முழுக்கக்கூட ஆகலாம். உதவுகிறேன் என்று ஓட்டை உரித்தால் ரத்தக் குழாய் அறுந்து குஞ்சு செத்துப்போகும்.

முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் ஒன்றிரண்டு நாள் இடைவெளி இருக்கும். முதல் குஞ்சு பசியில் வாடுமே என்ற கவலை வேண்டாம். வயிற்றுக்குள் போன மஞ்சள் கரு இரண்டு நாளுக்குத் தாங்கும். ஓரமாகக் கிடக்கும் ஓடுகளை மட்டும் எடுத்துவிட்டு, கோழியைக் கிளப்பாமல் விடுங்கள். முதல்முறை தாயாகும் சில கோழிகள் முதல் குஞ்சைப் பார்த்து மிரண்டு பலமாகக் கொத்தும். அப்படிக் கண்டால் குஞ்சைத் துணி விரித்த பெட்டியில் பல்பு வெளிச்சத்தில் வைத்துவிட்டு, இரவில் மறுபடி அடியில் விட்டுப் பாருங்கள்.

பொரிப்பு குறைந்துவிட்டதா? வாங்கிய குஞ்சுகளை அதே கோழியிடம் சேர்க்கலாம். பொரித்து ஒன்றிரண்டு நாளுக்குள்ளான குஞ்சாக இருக்க வேண்டும். இருட்டில், ஒவ்வொன்றாக இறக்கைக்கு அடியில் தள்ளி, விடிவதற்குள் நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

நம்முடைய நான்கு வாரம்

பொரித்த மறுநாளே தாயையும் குஞ்சுகளையும் கொல்லையில் திறந்துவிடுவதுதான் பெரும்பாலான சாவுக்குக் காரணம். தாய் இரை தேடி வேகமாக நடக்கும். குஞ்சு பனிப்புல்லில் நனைந்து பின்தங்கும். நின்ற இடத்தில் காகம் தூக்கும். முதல் இரண்டு வாரமாவது அடைத்து வளருங்கள். ஒரு தாய்க்கும் பத்து குஞ்சுக்கும் நாலுக்கு நாலு அடி இடம் போதும். கம்பி வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பெரிய கண்ணில் பெருச்சாளியும் பாம்பும் நுழையும், குஞ்சும் வெளியே வரும். மேலே கட்டாயம் மூடி வேண்டும். காகம், பருந்து, வல்லூறு எல்லாம் மேலிருந்து வருபவை. கீரியும் மரநாயும் வலையின் அடியைத் தோண்டும், அதனால் சுற்றிலும் செங்கல் பதியுங்கள்.

தரையில் உமியோ நிலக்கடலைத் தோலோ இரண்டு அங்குலம் பரப்புங்கள். முதல் மூன்று நாள் அதன் மேல் சாக்கு விரியுங்கள், இல்லையென்றால் குஞ்சு உமியைத் தீனி என்று விழுங்கும். செய்தித்தாள் வழுக்கும், குஞ்சின் கால் அகண்டு ஊனமாகும். ஈரமான இடத்தை அன்றன்றே அள்ளி மாற்ற வேண்டும்.

குஞ்சுக்குப் புரதம் அதிகம் வேண்டும். கடையில் கிடைக்கும் குஞ்சுத் தீவனத்தில் ஏறக்குறைய 20 சதவீதம் புரதம் இருக்கும். முதல் மாதத்துக்கு அதுதான் முதுகெலும்பு. கூடவே அரிசி நொய், கேழ்வரகு, உடைத்த கம்பு, பொடியாக நறுக்கிய முருங்கைக் கீரை. முட்டைக்கோழித் தீவனத்தை குஞ்சுக்குப் போடவே போடாதீர்கள். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கும் விஷம்தான்.

தாயே எல்லாத் தீவனத்தையும் தின்றுவிடாமல் இருக்க ஒரு வழி உண்டு. பஞ்சாரத்தை (கோழியைக் கவிழ்த்து மூடும் மூங்கில் கூடை) மூன்று கல்லின் மேல் தூக்கி வைத்து, உள்ளே குஞ்சுத் தீவனத்தை வையுங்கள். அடி இடைவெளியில் குஞ்சு புகும், தாய் புகாது. தாய்க்கு வெளியே கம்பு.

கரையான் கிடைக்கும் ஊர் என்றால் விட்டுவிடாதீர்கள். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல் கூளம் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள தரையில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலை தூக்கினால் சாக்கு முழுக்க வெள்ளை வெளேரென்று அப்பியிருக்கும். குஞ்சுகள் முன்னால் உதறுங்கள். தாய் ஒன்றைக் கொத்தி எடுத்து, கூப்பிட்டு, கீழே போட்டுக் காட்டும். ஒரு நிமிடத்தில் எல்லாக் குஞ்சும் பழகிவிடும். காசில்லாத புரதத்தில் இதற்கு மிஞ்சியது இல்லை.

தண்ணீருக்கு ஆழமில்லாத தட்டு. அதில் கூழாங்கல் போட்டு வைத்தால் குஞ்சு மூழ்காது, நனையாது. தாய் தட்டைக் கிளறி அழுக்காக்கும், அதனால் நாளுக்கு மூன்று முறை மாற்றுங்கள்.

மூன்றாம் வாரத்தில், பனி காய்ந்த பிறகு, நீங்கள் பக்கத்தில் இருக்கும் நேரத்தில் மட்டும் வெளியே விடுங்கள். நாலா பக்கமும் கம்பு நட்டு மேலே பழைய மீன் வலை கட்டிய இடம் இருந்தால் இன்னும் நல்லது. மாலை மங்கும் முன் எண்ணி அடைக்க வேண்டும்.

கழிச்சலும் தடுப்பு மருந்தும்

ஊரில் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்) வந்தால் ஒரே வாரத்தில் கொல்லையே காலியாகும். மருந்து கிடையாது, தடுப்புதான் உண்டு. ஏழாம் நாள் லசோட்டா சொட்டு மருந்து, கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு. நான்காம் வாரம் மறுபடியும் ஒன்று. எட்டு வாரத்தில் இறக்கையில் ஊசி. மருந்துக் குப்பி நூறு கோழி, அதற்கும் மேல் என்ற அளவில்தான் வரும். கலக்கினால் சில மணி நேரத்தில் வீரியம் போய்விடும். அதனால் தெருவில் கோழி வளர்ப்பவர்கள் நாள் பேசிவைத்து ஒன்றாகப் போட்டுக்கொள்வது நல்லது. ஐஸ் இல்லாமல் எடுத்துவந்த மருந்து வெறும் தண்ணீர். பெரிய கோழிகளுக்குக் கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியை ஒட்டி இருவார முகாம் நடத்துவது வழக்கம், தவறவிடாதீர்கள். அம்மைக்கும் தடுப்பூசி உண்டு. கால்நடை மருந்தகத்தில் கேட்டு ஆறு, ஏழு வாரத்தில் போடலாம்.

மூன்று வாரத்துக்கு மேல் குஞ்சு இறக்கையைத் தொங்கவிட்டு, குன்றி நின்று, எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் ரத்தக்கழிச்சல். ஈரத் தரையில் வருவது. உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டினால் மருந்தில் கேட்கும். தரையைக் காயவைக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் திரும்ப வரும். சின்ன வெங்காயம், மஞ்சள், கீழாநெல்லி எல்லாம் கொஞ்சமாகக் கொடுக்கலாம், ஆனால் சொட்டு மருந்துக்குப் பதிலாக அல்ல.

தாயைப் பிரிப்பது

ஆறு முதல் எட்டு வாரத்தில் தாயே குஞ்சுகளைக் கொத்தி விரட்டும், இரவில் கம்பில் ஏறிப் படுக்கும். பக்கத்தில் வலைக்குள் வளர்ந்த குஞ்சுகளை மற்ற கோழிகள் ஏற்கெனவே பார்த்துப் பழகியிருப்பதால் பெரிய சண்டை வராது. முதல் வாரம் மட்டும் இரண்டு மூன்று இடத்தில் தீனி வையுங்கள், பெரியவை குஞ்சுகளை விரட்டினாலும் ஒரு இடத்திலாவது தின்னக் கிடைக்கும்.

தாய் சீக்கிரம் மறுபடி முட்டையிட்டு மறுபடி அடைக்கு வரும். ஒரே கோழியை வருடத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று முறைக்கு மேல் அடை வைக்காதீர்கள். ஒவ்வொரு அடையிலும் அது உடம்பு இளைக்கிறது. வேண்டாத நேரத்தில் அடை வந்தால் மூக்கில் இறகு செருகுவது, தண்ணீரில் முக்குவது போன்ற கொடுமையெல்லாம் தேவையில்லை. அடியில் கம்பி வலை போட்ட கூண்டைத் தரையிலிருந்து ஓர் அடி தூக்கி, காற்றும் வெளிச்சமும் படும் இடத்தில் வைத்து, வைக்கோல் போடாமல், தீனியும் தண்ணீரும் மட்டும் கொடுத்து உள்ளே விடுங்கள். வயிற்றடிச் சூடு தணிந்து மூன்று நான்கு நாளில் அடை தெளிந்துவிடும். ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி முட்டைக்கு வரும்.